வட்ட நேரம் நான்காவது நிமிடத்தில் கலைகிறது: சிறப்பு வகுப்பில் சின்னக் குழந்தைகளைப் பாடத்துக்குள் கொண்டுவருவது எப்படி?

கரும்பலகை (இழை தொடக்கம்)

ஐந்து முதல் எட்டு வயது வரை எட்டுக் குழந்தைகள் உள்ள வகுப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். நால்வருக்கு ஆட்டிசம், இருவருக்கு டவுன் சிண்ட்ரோம், ஒருவருக்கு அறிவுத்திறன் குறைபாடு, இன்னொருவர் செரிப்ரல் பால்சியோடு (மூளைப் பாதிப்பால் தசை இயக்கம் தடைபடும் நிலை) சக்கர நாற்காலியில் இருப்பவர். எட்டுப் பேரில் நால்வருக்குப் பேச்சு வரவில்லை. ஆசிரியர் ஒருவர், உதவியாளர் ஒருவர்.

காலையில் இருபது நிமிட வட்ட நேரம், அதாவது எல்லோரும் ஒன்றாகச் சுற்றி உட்காரும் நேரம். வணக்கப் பாட்டு, பெயர் அழைப்பு, நாள், கிழமை, வானிலை, கடைசியில் ஒரு கதை. மூன்று நான்கு நிமிடத்தில் ஒருவர் எழுந்து ஓடுகிறார், ஒருவர் தரையில் படுத்துவிடுகிறார், ஒருவர் பக்கத்துக் குழந்தையின் தலைமுடியைப் பிடிக்கிறார். ஓடுகிறவர்களைத் திரும்பக் கொண்டுவந்து உட்கார வைப்பதிலேயே உதவியாளரின் நேரம் முழுதும் கரைகிறது. "முதலில் உட்காரப் பழகட்டும், பாடம் அப்புறம்" என்ற அறிவுரைதான் பெரும்பாலும் கிடைக்கிறது. அது சரிதானா? இல்லையென்றால் எங்கே கைவைப்பது? எத்தனை நிமிடம், எத்தனை அட்டை, யார் எங்கே உட்காருவது என்கிற அளவுக்கு விவரமாக எழுதுங்கள்.

---

மூன்றாம்மணி

அந்த அறிவுரை தலைகீழ். உட்கார்ந்தபிறகு பாடம் என்று காத்திருந்தால் பாடம் வரவே வராது. செய்ய ஏதாவது இருந்தால்தான் குழந்தை உட்காரும்.

முதலில் ஒரு கணக்கு. இருபது நிமிடம், எட்டுக் குழந்தைகள். பெயர் அழைக்கும்போது ஒரு முறை, கிழமை அட்டையை ஒட்டும்போது யாரோ ஒருவர், வானிலைக்கு இன்னொருவர். ஒவ்வொரு குழந்தையும் உண்மையில் எதையாவது செய்யும் நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். ஒரு நிமிடம்கூடத் தேறாது. மிச்சம் பத்தொன்பது நிமிடமும் காத்திருப்பு. இந்த வயதில், இந்தக் குழந்தைகளுக்கு, ஆகக் கடினமான பாடம் காத்திருப்பதுதான். அதை முதல் நாளே இருபது நிமிடத்துக்குக் கேட்கிறோம்.

எதையும் மாற்றுமுன் மூன்று நாள் அளந்து பாருங்கள். இரண்டு குழந்தைகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உதவியாளரின் கையில் அதிரும் கடிகாரம் ஒன்று. முப்பது நொடிக்கு ஒரு முறை அதிரும்போது தலையைத் தூக்கிப் பார்த்து, அந்தக் கணத்தில் குழந்தை ஈடுபட்டிருந்தால் ஒரு கோடு, இல்லையென்றால் ஒரு வட்டம். பத்து நிமிடத்துக்கு இருபது குறி. "ஈடுபாடு" என்றால் என்னவென்று முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்: பொருளைப் பார்க்கிறார், தொடுகிறார், சைகையாலோ படத்தாலோ ஒலியாலோ பதில் தருகிறார், தன் முறைக்காகப் பொருளின் பக்கம் திரும்பியிருக்கிறார். இவற்றில் ஒன்று போதும். கண்ணைப் பார்ப்பதையும் கை கட்டி உட்காருவதையும் இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். ஆட்டிசம் உள்ள பல குழந்தைகள் பக்கவாட்டில் பார்த்தபடியே, விரலை ஆட்டிக்கொண்டே, எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருப்பார்கள். கையை அடக்கி வைத்தால் அவர்களுடைய முழுக் கவனமும் அடக்குவதிலேயே போய்விடும்.

நான்காவது நிமிடத்தில் கலைகிறது என்று அளவு காட்டினால் மூன்றரை நிமிடத்தில் முடித்துவிடுங்கள். எல்லோரும் இன்னும் உள்ளே இருக்கும்போது, "முடிந்தது" அட்டையைக் காட்டி. தொடர்ந்து ஐந்து பள்ளி நாள் அது நிலைத்தால் முப்பது நொடி கூட்டுங்கள். கலைந்தபிறகு முடித்தால், ஓடினால் வட்டம் முடியும் என்பதைத்தான் குழந்தை கற்றுக்கொள்கிறது. அதை மாற்ற மாதக்கணக்கில் ஆகும்.

நாள், கிழமை, வானிலை மூன்றையும் இப்போதைக்கு எடுத்துவிடுங்கள். "நேற்று", "நாளை" புரியாத குழந்தைக்குக் கிழமைப் பெயர் வெறும் ஓசை.

---

தொடுவானம்

மூன்றாம்மணி சொன்ன மூன்றரை நிமிடத்துக்குள் என்ன செய்வது என்பதற்கு என் பதில் வாளி.

பிரிட்டனைச் சேர்ந்த பேச்சு சிகிச்சையாளர் ஜினா டேவிஸ் உருவாக்கிய முறையில் நான்கு கட்டங்கள் உண்டு. முதல் கட்டம் மட்டும் சரியாக நடந்தாலே வகுப்பு மாறிவிடும். மூடி போட்ட, உள்ளே தெரியாத ஒரு வாளி. அதற்குள் மூன்று பொருள்கள், மூன்றே மூன்று. சாவி கொடுத்தால் குதிக்கும் பொம்மை, சுழன்றால் ஒளிரும் பம்பரம், காற்றை விட்டால் கத்திக்கொண்டு பறக்கும் பலூன் மாதிரி, தானாக அசைந்து தானாகவே நிற்கும் பொருள்கள். ஆசிரியர் தாழ்ந்த இருக்கையில் உட்கார்ந்து, மூடியைத் தட்டி, எட்டிப் பார்த்து, ஒவ்வொன்றாக எடுத்து இயக்கிக் காட்டி, நின்றதும் திரும்ப உள்ளே போடுகிறார். குழந்தை கைக்குக் கொடுப்பதில்லை. பேச்சு மிகக் குறைவு: "ஆ... சுத்துது... சுத்துது... நின்னுடுச்சு." அவ்வளவுதான்.

கெட்டுப்போகும் இடங்கள் இவை. "இங்கே பார், இங்கே பார்" என்று அழைப்பது முதலாவது. கவனி என்று கட்டளையிடக் கூடாது, பொருள்தான் இழுக்க வேண்டும். உதவியாளர் பின்னாலிருந்து "ஷ்ஷ், உட்கார்" என்று கிசுகிசுப்பது இரண்டாவது; குழந்தை அந்தக் குரலைக் கவனிக்கத் தொடங்கிவிடும். உதவியாளரும் குழந்தையைப் போலவே வாளியைத்தான் பார்க்க வேண்டும். குழந்தை பொருளைப் பிடுங்க வந்தால் வாதம் வேண்டாம், பேச்சில்லாமல் அதை வாளிக்குள் போட்டு மூடிவிடுங்கள். திரும்ப உட்கார்ந்ததும் அடுத்த பொருள். அந்த மூன்று பொருள்களும் மற்ற நேரத்தில் குழந்தைகள் கண்ணில் படவே கூடாது. விளையாட்டு அலமாரியில் இருக்கும் பொருளுக்கு இந்த ஈர்ப்பு வராது.

இரண்டாவது கட்டத்தில் கொஞ்சம் நீளமான ஒரு காட்சி. கறுப்புத் தாளில் வெள்ளை மாவைச் சல்லடையால் தூவி ஒரு வடிவத்தை வெளிக்கொண்டு வருவது, நிறம் கலந்த நீரை உயரத்திலிருந்து ஊற்றுவது போன்றவை. முதல் கட்டத்தில் எல்லோரும் நிலைத்தபிறகே அதற்குப் போக வேண்டும். மூன்றாவதில் முறை வைத்துச் செய்வது, நான்காவதில் தனியாக மேஜையில் செய்வது. முறைக்குக் காத்திருப்பது மூன்றாவது கட்டத்தில்தான் வருகிறது. வழக்கமான வட்ட நேரம் அந்த மூன்றாவதிலிருந்தே தொடங்குகிறது. அதனால்தான் கலைகிறது.

---

முழங்கை90

உட்காரும் இடத்தை யாரும் பேசவில்லை. ஆக்குபேஷனல் தெரபி (அன்றாடச் செயல்களுக்குப் பழக்கும் சிகிச்சை) பக்கத்திலிருந்து இதைச் சொல்ல வேண்டும்.

கால் தரையைத் தொடாமல் தொங்கினால் குழந்தையால் நிலையாக உட்கார முடியாது. டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளுக்குத் தசை இறுக்கம் குறைவு என்பதால் பாயில் சம்மணமிட்டு உட்காருவதே பெரிய வேலை. சரிந்து படுப்பது அடமல்ல, உடம்பு களைத்துவிட்டது. இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் ஏறக்குறைய தொண்ணூறு பாகையில் மடங்கும் உயரத்தில் நாற்காலி வேண்டும். உயரம் கூடுதலாக இருந்தால் காலுக்குக் கீழே பழைய தொலைபேசிப் புத்தகத்தையோ தடித்த அட்டைக் கட்டையோ நாடாவால் சுற்றி வையுங்கள். மேஜை, மடக்கிய முழங்கையைவிட இரண்டு முதல் ஐந்து சென்டிமீட்டர் உயரம்.

வட்டம் என்று பெயர் இருந்தாலும் வட்டமாக உட்கார வைக்காதீர்கள். வட்டத்தில் பாதிப் பேர் ஆசிரியரைப் பக்கவாட்டில் பார்க்கிறார்கள், எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக் கவனம் சிதறுகிறார்கள். பிறை வடிவம் போதும். ஒருவர் கை இன்னொருவரைத் தொடாத இடைவெளி. தலைமுடியைப் பிடிக்கும் குழந்தை ஓரத்தில், ஆசிரியரின் கைக்கு எட்டும் பக்கம். ஓடும் குழந்தை கதவுக்கு எதிர்ப்பக்கம். ஆசிரியரின் முதுகுக்குப் பின்னால் சன்னல் இருக்கக் கூடாது. வெளிச்சம் கண்ணில் அடித்து முகம் இருட்டாகத் தெரியும், உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் குழந்தைக்கு எல்லாம் போய்விடும். டவுன் சிண்ட்ரோம் உள்ள பலருக்கு நடுக்காதில் நீர் கட்டி, கேட்கும் திறன் ஒரு வாரம் இருக்கும் மறுவாரம் குறையும். "நேற்று சொன்னதைச் செய்தான், இன்று கேட்கவில்லை" என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

அசைவு இடைவேளையை நிலைமை கெட்டபிறகு கொடுக்காதீர்கள், முன்னால் கொடுங்கள். வட்டத்துக்கு முந்தைய ஐந்து நிமிடம் சுவரைத் தள்ளுவது, புத்தகப் பெட்டியைத் தூக்கி அறையின் மறுகோடிக்குக் கொண்டுபோவது, கரடி நடை. தசைக்கு வேலை தரும் அசைவு பல குழந்தைகளை அமைதிப்படுத்தும். தட்டாமாலை போலச் சுற்றுவது சிலரைக் கிளப்பிவிடும், அதை வட்டத்துக்கு முன் வைக்க வேண்டாம். எடைச் சட்டை (எடை வைத்துத் தைத்த மேல்சட்டை) பற்றிக் கேள்வி வரும் என்பதால் இப்போதே சொல்கிறேன்: கவனம் கூடுகிறது என்பதற்கு ஆய்வுச் சான்று பலவீனமாகத்தான் இருக்கிறது. அதை நம்பி நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

---

கரும்பலகை

மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். வட்டம் மூன்றரை நிமிடமென்றால் மிச்ச நேரத்தை எப்படி நிரப்புவது? அடுத்தது, ஐந்து நட்சத்திரம் சேர்த்தால் விளையாட்டு என்ற டோக்கன் பலகை பல வகுப்புகளில் இருக்கிறது. நட்சத்திரத்தைப் பிய்த்து எறிந்துவிடும் குழந்தைக்கு என்ன செய்வது?

---

இடமிருந்துவலம்

முதல் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். மிச்ச நேரத்தை நிரப்ப, குழந்தைகள் தனியாகச் செய்யும் வேலைப் பெட்டி.

1970களில் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் எரிக் ஷாப்ளர் ஆட்டிசம் உள்ளவர்களுக்காக வளர்த்தெடுத்த டீச் (TEACCH) முறையின் அடிப்படை இது. மேஜையில் உட்கார்ந்த குழந்தைக்கு யாரும் வாயால் சொல்லாமலே நான்கு விஷயம் தெரிய வேண்டும். என்ன வேலை, எவ்வளவு வேலை, எப்போது முடியும், முடிந்ததும் என்ன. இந்த நான்கில் ஒன்று தெரியாவிட்டாலும் குழந்தை எழுந்து போய்விடும் அல்லது உதவியாளரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

கட்டும் விதம் இதுதான். மேஜையின் இடப்பக்கம் அலமாரித் தட்டில் மூன்று பெட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு படம்: நீல வட்டம், சிவப்புச் சதுரம், மஞ்சள் முக்கோணம். மேஜையின் மேல்விளிம்பில் ஒரு பட்டை. அதில் அதே மூன்று படங்கள் இடமிருந்து வலமாக வெல்க்ரோவில் ஒட்டியிருக்கும், கடைசியில் அந்தக் குழந்தைக்குப் பிடித்த விளையாட்டின் படம். வலப்பக்கம் தரையில் ஒரு பெரிய கூடை, அது முடிந்த வேலைக்கு. குழந்தை பட்டையிலிருந்து நீல வட்டத்தை எடுத்து, அதே படம் உள்ள பெட்டியில் ஒட்டி, பெட்டியை மேஜைக்கு இழுத்து, வேலையைச் செய்து, பெட்டியோடு கூடையில் போடுகிறது. பட்டையில் படம் குறையக் குறைய முடிவு நெருங்குவது கண்ணுக்குத் தெரிகிறது.

பெட்டிக்குள் இருக்கும் வேலையும் தன்னையே விளக்க வேண்டும். காலணிப் பெட்டியின் மூடியில் ஐந்து ஓட்டை, இடப்பக்கம் ஒட்டிய கிண்ணத்தில் ஐந்தே மரக்குச்சி. ஆறாவது குச்சி இருந்தால் குழந்தை குழம்பும், நான்குதான் இருந்தால் தேடும். பொருள்கள் பெட்டிக்குள் உருளாமல் கிண்ணங்களைப் பசையால் ஒட்டிவிட வேண்டும். உருண்டு தரையில் விழுந்தால் வேலை அத்தோடு நின்றுவிடும். வாயில் போடும் குழந்தை இருந்தால் கழிப்பறைக் காகிதச் சுருளின் நடுக்குழல் வழியாக உள்ளே போய்விடும் அளவுப் பொருள் எதுவும் கூடாது. காந்தமும் பொத்தான் பேட்டரியும் வகுப்புக்குள்ளேயே வரக்கூடாது.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. வேலைப் பெட்டியில் புதுப் பாடம் வைக்காதீர்கள். ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து கற்பித்து, குழந்தை தவறின்றிச் செய்ய வந்தபிறகுதான் அது பெட்டிக்குப் போகும். புதிதாகக் கற்பது ஒரு மேஜை, தனியாகச் செய்வது வேறு மேஜை. இரண்டையும் கலந்தால் பெட்டியைப் பார்த்தாலே குழந்தை உதவி கேட்கத் தொடங்கும்.

நாள் அட்டவணைக்கும் இதே கணக்கு. பன்னிரண்டு படங்களை வரிசையாக ஒட்டி அழகாக மாட்டிய அட்டவணையை யாரும் பார்ப்பதில்லை. இரண்டு படத்தில் தொடங்குங்கள்: முதலில் இது, பிறகு அது. படம் புரியாத குழந்தைக்குப் பொருளே அட்டவணை. குளியலறைக்குத் துண்டு, வெளியே போகப் பந்து. பொருளிலிருந்து புகைப்படம், அதிலிருந்து கோட்டுப்படம், பிறகு எழுத்து. டவுன் சிண்ட்ரோம் உள்ள பலர் காதால் கேட்டதைவிடக் கண்ணால் பார்த்ததை நன்றாக நினைவில் வைப்பார்கள், ஆகவே படத்துக்குக் கீழே சொல்லை முதல் நாளிலிருந்தே பெரிய எழுத்தில் எழுதுங்கள். லேமினேட் பளபளப்பில்லாத தாளாக இருக்கட்டும். விளக்கொளி பட்டால் பளபளப்புத் தாள் வெறும் வெள்ளையாகத்தான் தெரியும்.

வெல்க்ரோவில் முரட்டுப் பக்கம் பலகையிலா அட்டையிலா என்பதை முதலிலேயே முடிவு செய்து எல்லா வகுப்பிலும் ஒரே மாதிரி ஒட்டுங்கள். மாறி மாறி இருந்தால் அட்டையே ஒட்டாது.

---

மூன்றாம்மணி

டோக்கன் பற்றி. நட்சத்திரத்தை எறிகிறது என்றால் அது குழந்தைக்கு இன்னும் எதையும் குறிக்கவில்லை. ஐந்து இடத்தில் நான்கை முதலிலேயே நிரப்பி வையுங்கள். குழந்தை ஒரு சிறு வேலையைச் செய்ததும் ஐந்தாவதைத் தானே ஒட்டட்டும், அந்த நொடியே விளையாட்டு. ஒரு நாளில் இதைப் பத்து முறை. பிறகு மூன்றை நிரப்பி இரண்டைச் சம்பாதிக்க விடுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் ஐந்தும் குழந்தையுடையதாகும். கொடுத்த டோக்கனைத் தண்டனையாகப் பிடுங்காதீர்கள். ஒரே முறை பிடுங்கினாலும் பலகை பகையாகிவிடும்.

---

நிழல்மரம்

மாற்றுக் கருத்து ஒன்றை வைக்கிறேன். டோக்கன் என்பதே லஞ்சம் இல்லையா? நட்சத்திரத்துக்காக வேலை செய்யும் குழந்தை நட்சத்திரம் இல்லாதபோது செய்யுமா? பாடத்தையே ஈர்ப்பாக ஆக்குவதுதானே முறை?

---

தொடுவானம்

நிழல்மரம், உங்கள் கவலை நியாயமானது. பாதிக்கு உடன்படுகிறேன். பாடத்துக்குள்ளேயே ஈர்ப்பை வைக்க முடிகிற இடத்தில் டோக்கன் தேவையில்லை. ரயிலை நேசிக்கும் குழந்தைக்கு எண்களைப் பெட்டிகளின் மேல் எழுதி வரிசையில் கோக்கச் சொன்னால் நட்சத்திரம் எதற்கு? ஆனால் பல் துலக்குவது, சட்டைப் பொத்தான் போடுவது போன்றவற்றில் அந்த ஈர்ப்பு கிடைப்பது அரிது. அங்கே "முதலில் பொத்தான், பிறகு ரயில்" உதவுகிறது. பிடித்த செயலைக் கொண்டு பிடிக்காததைத் தாங்க வைக்கலாம் என்பதை உளவியலாளர் டேவிட் பிரீமாக் 1959இலேயே காட்டினார்.

லஞ்சம் ஆவது வரிசை மாறும்போதுதான். குழந்தை அழுது கத்தியபிறகு "நிறுத்தினால் ரயில் தருகிறேன்" என்றால் அது லஞ்சம், அழுகை அதற்கு விலை. தொடங்குமுன்பே படத்தில் காட்டிய ஒப்பந்தம் வேறு.

---

இடமிருந்துவலம்

கூடவே ஒன்று. "இது அவனுக்குப் பிடிக்கும்" என்று பெரியவர்கள் ஊகிப்பது பெரும்பாலும் தவறு. சோதித்துப் பாருங்கள். ஏழு பொருளை வரிசையாக வையுங்கள். குழந்தை ஒன்றை எடுத்ததும் முப்பது நொடி விளையாட விட்டு, அதை எடுத்து வைத்துவிட்டு, மிச்சம் ஆறையும் இடம் மாற்றி அடுக்கி மறுபடி கேளுங்கள். கடைசி வரை இப்படியே. எடுத்த வரிசையே விருப்ப வரிசை. இடம் மாற்றாமல் விட்டால் வலக்கை ஓரத்தில் இருப்பதையே ஒவ்வொரு முறையும் எடுக்கும் குழந்தையிடம் ஏமாந்துபோவோம். வேறு வேறு நாளில் மூன்று முறை செய்தால் நம்பலாம். மாதம் ஒரு முறை திரும்பச் செய்யுங்கள், விருப்பம் மாறும்.

---

ஒலிக்குறிப்பு

நால்வருக்குப் பேச்சு இல்லை என்று முதல் பதிவில் இருக்கிறது, இவ்வளவு பேசியும் அதை யாரும் தொடவில்லை. "வேண்டாம்", "இன்னும்", "போதும்", "உதவி" என்று சொல்ல வழியில்லாத குழந்தை ஓடித்தான் சொல்லும், முடியைப் பிடித்துத்தான் சொல்லும். தொல்லை தரும் நடத்தைக்கு இணையான ஒரு சொல்லைக் கற்றுக்கொடுத்தால் நடத்தை குறையும் என்பதை கார், டுராண்ட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1985இல் காட்டினார்கள்.

இடைவேளை அட்டையிலிருந்து தொடங்குங்கள். ஒரே அட்டை, உள்ளங்கை அளவு, எப்போதும் ஒரே இடத்தில். குழந்தை எழப்போகிறது என்பது உடம்பில் முன்பே தெரியும்: தோள் திரும்பும், கால் ஆடும், குரல் மாறும். அந்த நொடியில் உதவியாளர் பின்னாலிருந்து, பேசாமல், குழந்தையின் கையை அட்டைக்கு வழிநடத்தி ஆசிரியரிடம் கொடுக்க வைக்கிறார். ஆசிரியர் "இடைவேளை" என்று சொல்லி உடனே விடுகிறார். இரண்டு நிமிட மணல் கடிகாரம், பிறகு திரும்ப வந்து அதே வேலையின் கடைசிப் பகுதி. ஓடியபிறகு அட்டையைக் கொடுக்க வைத்தால் ஓடு, பிறகு அட்டை என்ற சங்கிலி உருவாகிவிடும். அட்டை கொடுத்தும் "இன்னும் ஒன்று செய்துவிட்டுப் போ" என்றால் அட்டைக்கு மதிப்பில்லை. முதல் இரண்டு வாரம் ஐம்பது முறை கேட்டாலும் ஐம்பது முறையும் கொடுங்கள். பிறகுதான் மெல்ல, அட்டை கொடுத்ததும் "ஒன்று, பிறகு இடைவேளை" என்று தள்ளிப்போட வேண்டும்.

கேட்கக் கற்றுக்கொடுக்க ஆண்டி போண்டி, லோரி ஃபிராஸ்ட் 1985இல் உருவாக்கிய படப் பரிமாற்ற முறை பரவலாகப் பயன்படுகிறது. அதன் முதல் கட்டத்தில் இரண்டு பெரியவர்கள் கட்டாயம். ஒருவர் பொருளை வைத்துக்கொண்டு முன்னால், இன்னொருவர் பின்னால். முன்னால் இருப்பவர் "என்ன வேண்டும்?" என்று கேட்கவே கூடாது. அப்படிக் கேட்டால், நாம் கேட்கும்வரை காத்திருக்கும் குழந்தை உருவாகிறது. தானாக வந்து கேட்பதுதானே நமக்கு வேண்டியது.

பெரியவர்கள் பலகையில் தொட்டுத் தொட்டுப் பேசுவதும் முக்கியம். "இன்னும்" என்று சொல்லும்போது "இன்னும்" படத்தைத் தொடுங்கள். பதிலை எதிர்பார்க்காமல், நாள் முழுதும். பேசும் குழந்தை ஓராண்டுக்கு மேல் பேச்சைக் கேட்டபிறகுதான் பேசுகிறது, படத்தால் பேசும் குழந்தைக்குப் படத்தால் யாரும் பேசிக் காட்டுவதேயில்லை.

கேள்வி கேட்டுவிட்டு எத்தனை நொடி காத்திருக்கிறீர்கள்? கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் சாதாரண வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து பார்த்தபோது ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். மூன்று நொடி காத்திருந்தபோது பதில்கள் நீண்டன. நம் குழந்தைகளுக்கு ஐந்து முதல் பத்து நொடி வேண்டும். மனத்துக்குள் எண்ணுங்கள். அந்த இடைவெளியில் கேள்வியை வேறு வார்த்தையில் திரும்பக் கேட்காதீர்கள். குழந்தை முதல் கேள்வியைப் பாதி புரிந்துகொண்டிருக்கும்போது இரண்டாவது வந்து விழுந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

---

முழங்கை90

சக்கர நாற்காலியில் இருக்கும் குழந்தையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எல்லோரும் பாயில் இருக்க அவர் மட்டும் பின்னால் உயரத்தில் இருந்தால் அவர் பார்வையாளர்தான். ஒன்று, எல்லோரும் நாற்காலியில் உட்காருங்கள். இல்லையென்றால் அவருக்குத் தரை மட்டத்தில் தாங்கி வைத்த இருக்கை. மடிமேல் தட்டு, அதில் வழுக்காத ரப்பர் விரிப்பு, பொருளை வெல்க்ரோவால் பொருத்துங்கள். பெரிய பொத்தானை அழுத்தினால் பதிவு செய்த ஒரு சொல் ஒலிக்கும் கருவி கிடைத்தால், கதையில் திரும்பத் திரும்ப வரும் வரியை ஒவ்வொரு நாளும் அதில் பதிவு செய்து வையுங்கள். அந்த வரி வரும் இடத்தில் எல்லோரும் அவருக்காகக் காத்திருக்க வேண்டும். பொத்தானை எங்கே வைப்பது என்பதைக் கை தீர்மானிக்கட்டும்: தன் விருப்பத்தில் எந்தக் கை, எந்தத் திசையில் எளிதாகப் போகிறதோ அங்கே. அழுத்தக் கை எழும்பத் தொடங்கிப் பத்து நொடிகூட ஆகலாம். அவசரப்பட்டு அவர் கையைப் பிடித்து அழுத்திவிடாதீர்கள். இறுக்கம் உள்ள தசை, பிடித்து இழுத்தால் இன்னும் இறுகும்.

மூளை சார்ந்த பார்வைக் குறைபாடும் சேர்ந்திருந்தால், கறுப்புத் துணிப் பின்னணியில் ஒரே நிறப் பொருள், ஒரு நேரத்தில் ஒன்று. லேசாக அசைத்துக் காட்டுங்கள். பேசிக்கொண்டே காட்டினால் சிலருக்குப் பார்வை நின்றுவிடும். காட்டுங்கள், பொறுங்கள், பிறகு பேசுங்கள்.

---

கரும்பலகை

கையைப் பிடித்துச் செய்யவைப்பதைப் பற்றி இரண்டு விதமாக எழுதியிருக்கிறார்கள். அட்டைக்கு வழிநடத்து என்கிறார் ஒலிக்குறிப்பு, பிடிக்காதே என்கிறார் முழங்கை90. எதைப் பின்பற்றுவது?

---

மூன்றாம்மணி

இரண்டும் பொருந்தும், நிபந்தனையோடு. குழந்தை கையை இழுத்துக்கொண்டால் அது "வேண்டாம்" என்ற பதில். அங்கே நிறுத்துங்கள். கைமேல் கை வைப்பதற்குப் பதிலாகக் கைக்குக் கீழே கை கொடுங்கள்: உங்கள் கை பொருளைத் தொடட்டும், குழந்தையின் கை உங்கள் கைமேல் பயணம் செய்யட்டும். எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்பது குழந்தைக்குத் தெரியும். பார்வையும் கேட்கும் திறனும் குறைந்த குழந்தைகளுக்கு இதுதான் முறை.

உதவியைக் குறைப்பதற்கான திட்டம் உதவி தொடங்கும் நாளிலேயே எழுதப்பட வேண்டும். எளிதானது நேரத் தாமதம். முதல் இரண்டு நாள், "சிவப்பு எடு" என்றதும் உடனே சுட்டிக்காட்டுங்கள், தாமதமே இல்லை. தவறுக்கு இடமே இராது. மூன்றாம் நாளிலிருந்து சொல்லிவிட்டு நான்கு நொடி பொறுங்கள். அதற்குள் எடுத்தால் பெரிய வரவேற்பு, எடுக்காவிட்டால் சுட்டிக்காட்டுங்கள், அதற்குச் சாதாரண வரவேற்பு. வரவேற்பில் வித்தியாசம் இல்லாவிட்டால் சுட்டும்வரை காத்திருப்பதே குழந்தைக்கு லாபம். வாய்மொழி உதவியைக் குறைப்பதுதான் ஆகக் கடினம். "அடுத்தது என்ன? ம்... எடு... போடு..." என்று பழகிய குழந்தை அந்தக் குரல் இல்லாமல் கையைத் தூக்காது. கூடியவரை சைகையும் படமும் பயன்படுத்துங்கள்.

உதவியாளர் குழந்தைக்கும் ஆசிரியருக்கும் நடுவில் உட்காரக் கூடாது. பின்னால், கை எட்டும் தூரத்தில். ஒரு குழந்தைக்கு ஒருவர் என்று ஒட்டவைக்காமல் இடத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள்: இந்த மேஜையும் கதவும் ஒருவருக்கு, பாயும் அலமாரியும் இன்னொருவருக்கு. ஒரு குழந்தை பாயிலிருந்து மேஜைக்குப் போகும்போது பொறுப்பும் கைமாறும்.

---

நிழல்மரம்

நன்றி, தொடுவானம் சொன்ன வரிசை விளக்கம் புரிந்தது. ஒரு சின்ன நடைமுறைச் சிக்கல். நிறம் பிரிக்கும் பெட்டியில் ஒரு குழந்தை பத்துக்குப் பத்து சரியாகச் செய்கிறது. அதே குழந்தையிடம் மேஜையில் சிவப்பைக் கேட்டால் எதையோ எடுக்கிறது. ஏன்?

---

இடமிருந்துவலம்

கிண்ணங்கள் பசையால் ஒட்டியிருப்பதால் சிவப்பு எப்போதும் இடப்பக்கம், நீலம் எப்போதும் வலப்பக்கம். பிரிக்கும்போது இரண்டும் கண் முன்னால் இருக்கின்றன, ஒத்ததை ஒத்ததோடு போட்டால் போதும். நிறத்தின் பெயர் அங்கே தேவையே இல்லை. முதல் பொருளை மாதிரியாக எந்தக் கிண்ணத்தில் பார்க்கிறதோ அதன்மேலேயே அடுக்கிக்கொண்டு போகும்.

சோதிக்க, கிண்ணங்கள் இடம் மாறிய இரண்டாவது பெட்டி ஒன்று செய்து நாள்விட்டு நாள் மாற்றி வையுங்கள். தடுமாறினால் இடத்தைத்தான் கற்றிருக்கிறது. தடுமாறாமல் செய்தால் நிறத்தை ஒப்பிடத் தெரியும், பெயர்தான் தெரியவில்லை. அது தனிப் பாடம், ஆசிரியர் மேஜையில். அங்கே மூன்று பொருள் வையுங்கள், இரண்டு வேண்டாம். இரண்டில் குருட்டாம்போக்காக எடுத்தாலும் பாதி சரியாக வந்துவிடும். ஒவ்வொரு கேள்விக்கும் இடம் மாற்றுங்கள், சரியான பொருளை நீங்கள் பார்க்காதீர்கள். நம் கண் போகும் திசையை இந்தக் குழந்தைகள் நம்மைவிட நன்றாகப் படிப்பார்கள். சிவப்புப் பந்து, சிவப்புக் குச்சி, சிவப்புத் துணி என்று பொருளை மாற்றிக்கொண்டே இருங்கள். ஒரே சிவப்புப் பந்தை வைத்துக் கற்பித்தால் "சிவப்பு" என்பது பந்தின் பெயராகிவிடும்.